பாடியவர் யார்?

சின்னமனூரிலே சென்ற கிழமை ஒரு கழகக் கூட்டம். காலையில் வாழை மண்டியிலே தோள் கன்றத் தார் சுமந்த தோழர்கள், மாலையில் குளித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து அமர்ந்திருந்தார்கள். வயலிலே களை பறித்த தாய்மார்கள், பிள்ளைகளை மடியில் கிடத்தியபடி முன்வரிசையில் இருந்தார்கள். பேச்சாளர்கள் வந்து சேரவில்லை. ஒலிபெருக்கியிலே ஒரு பாட்டு முழங்கிற்று.

நல்ல பாட்டு! உறுமி உறுமிற்று, பம்பை பேசிற்று, கணீரென்ற குரல் ஒன்று கழகத்தின் கொள்கையைக் காதிலே போட்டது. கால்கள் தாமாகத் தாளம் போட்டன. நாமும் தலையசைத்துக் கேட்டோம். முடிந்ததும், அந்தப் பாட்டை ஒலிபரப்பிய இளைஞரை அழைத்து, "பாடியவர் யார், தம்பி?" என்று கேட்டோம்.

"யாரும் பாடலண்ணே! கம்ப்யூட்டர்ல போட்டது. வரியை எழுதிக் குடுத்தா அதுவே மெட்டுப் போட்டு, மேளம் அடிச்சு, பாடியும் குடுத்துரும். கால் மணி நேர வேலைதான்" என்றார் அவர், முகம் மலர.

மேடைக்குப் பின்புறம் வேப்பமரத்தடிக்குப் போனோம். அங்கே நையாண்டி மேளக் குழுவினர் ஆறு பேர் உட்கார்ந்திருந்தனர். கூட்டத்திற்கென்று அழைத்து வரப்பட்டவர்கள்தான். தவிலின் உறைகூடக் கழற்றப்படவில்லை. "பாட்டுப் போட்டாயிற்று, நேரமில்லை" என்று சொல்லி, பேசிய தொகையில் பாதியைக் கையிலே வைத்திருக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காத்திருந்த அவர்களிலே மூத்தவர், கோபமில்லாமல் சொன்னார்: "அந்தப் பாட்டுல கேட்ட உறுமி எங்க சனம் அடிக்கிற அடிதான், தம்பி. மிசினுக்கு அதா வருமா? யாரோ அடிச்சது உள்ள இருக்கு. அடிச்சவன் யாருன்னுதான் தெரியல."

"யாரும் பாடவில்லை" என்கிறார் இளைஞர். "யாரோ அடித்தது உள்ளே இருக்கிறது" என்கிறார் பெரியவர். இந்த இரண்டிலே எது உண்மை? இதை ஏதோ சினிமாக்காரர் சங்கதி என்று ஒதுக்கிவிட்டுப் போக நம்மால் இயலவில்லை. உழைத்தவன் பெயர் இல்லாமல், உழைப்பு மட்டும் விலைபோகிற எந்த இடமும் நமக்குச் சம்பந்தமுள்ள இடந்தான்.

பெரியவர் சொன்னதே உண்மை. செயற்கை நுண்ணறிவு என்று சொல்கிறார்களே, அது வானத்திலிருந்து இறங்கி வந்த கந்தர்வன் அல்ல. மனிதர்கள் பாடிய பாட்டுகளையும், அடித்த தாளங்களையும், ஊதிய குழல்களையும் ஆயிரமாயிரமாக அதற்குள் ஊட்டுகிறார்கள். எந்தச் சுரத்துக்குப் பின் எந்தச் சுரம் வரும், எந்தச் சொல்லில் குரல் ஏறும், எந்த இடத்தில் தாளம் இடறி எழும் என்பதையெல்லாம் அது கணக்காகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நாம் கேட்கும்போது, அந்தக் கணக்கை வைத்துப் புதிதாக ஒன்றைச் செய்து தருகிறது. புதிது என்பது மெய்தான். ஆனால் ஒருவரும் பாடாமலே பாட்டு வந்தது என்பது பொய். ஒருவர் அல்ல, ஓராயிரம் பேர் பாடியிருக்கிறார்கள்! அந்த ஓராயிரம் பேரில் எத்தனை பேரிடம் "உன் பாட்டை எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டார்கள்? எத்தனை பேர் கையிலே கூலி விழுந்தது?

சின்னமனூர்த் தோழர்களுக்கு இதை விளக்க நீண்ட உரை வேண்டியதில்லை. மண்டிக்கு ஒரு தார் வருகிறது என்றால், அதைக் கன்று நட்டவன் ஒருவன், தண்ணீர் கட்டியவன் ஒருவன், வெட்டியவன் ஒருவன், சுமந்தவன் ஒருவன். விலையிலே தரகும் கமிஷனும் போகத்தான் செய்கின்றன, என்றாலும் "இது யார் தோட்டத்துத் தார்?" என்ற கேள்விக்கு மண்டியிலே பதில் உண்டு. "இது யார் தோட்டத்திலும் விளையவில்லை, கடையிலேயே காய்த்தது" என்று ஒரு வியாபாரி சொன்னால் சிரிக்கமாட்டோமா? சிரித்துவிட்டு, எந்தத் தோட்டத்திலே வேலி பிரிந்து கிடக்கிறது என்று போய்ப் பார்க்கமாட்டோமா?

இதைச் சொன்னவுடனே, "ஆகா! இயந்திரத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள், பழமை பேசுகிறார்கள்" என்று சிலர் எக்காளமிடக்கூடும். நாமா பழமை பேசுகிறவர்கள்? 'இனிவரும் உலகம்' எழுதிய பெரியாரின் வழிவந்தவர்கள் நாம்! கம்பியில்லாத் தந்திச் சாதனம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும், மனிதனின் உழைப்பு நேரம் இயந்திரத்தால் குறையும் என்று 1940களிலேயே அச்சிலே சொன்ன கிழவரின் பிள்ளைகள் நாம்! இயந்திரம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. இயந்திரத்தின் பலன் எல்லோருக்கும் ஆகட்டும் என்றார். ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் இல்லாதிருந்தால் நம் இயக்கம் இத்தனை வேகமாகப் பட்டிதொட்டிகளுக்குப் போயிருக்குமா? கோவில் வாசலிலே நுழையவிடாதவனைக்கூட, ஒலிபெருக்கி அவன் குடிசைத் திண்ணைக்கே வந்து தேடிப் பேசியதே!

இன்னொன்றும் உண்டு. மின்னிசையை வரவேற்ற மண் இது. இதே உத்தமபாளையம் வட்டத்திலே இருக்கிறது பண்ணைப்புரம். அங்கே பிறந்த பாவலர் வரதராசன், பொதுவுடைமைக் கட்சி மேடைகளிலே பாடி ஊர்ஊராகச் சுற்றியவர். அவர் பின்னால் ஆர்மோனியத்தோடு நடந்த தம்பிதான் இளையராஜா. 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. பத்தே ஆண்டுகளில், 1986இல், 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணினியைத் துணைக்கு வைத்து இசையமைத்தார் அவர். கட்சி மேடையிலே தொடங்கிய கை, கணினியையும் தொட்டது. கருவி மாறிற்று, கலைஞன் மாறவில்லை. பாட்டின் தலையிலே பெயரும் இருந்தது.

ஆகவே நம் வழக்கு இயந்திரத்தோடு அல்ல. இயந்திரத்தை முன்னிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னே கை நீட்டுகிறவனோடு!

செம்மையாகச் செய்யமுடியும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2024இல் 'லால் சலாம்' படத்திலே, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் அமீது ஆகிய இருவர் குரலிலும் ஒரு பாட்டு ஒலித்தது. பம்பா பாக்யா 2022இல் மறைந்தவர். சாகுல் அமீது போய்க் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. "இது எப்படி?" என்று நாடு கேட்டது. இசையமைப்பாளர் ஏ.ஆர். ரகுமான் மறைக்கவில்லை. இரு குடும்பங்களிடமும் அனுமதி பெற்றோம், தகுந்த ஊதியம் அனுப்பினோம் என்று வெளிப்படையாக அறிவித்தார்.

அதே ஆண்டு, நம் பள்ளத்தாக்கின் வீட்டுக்குள்ளேயே அது வந்தது. இளையராஜாவின் மகள் பவதாரணி, 'பாரதி' படப் பாட்டுக்காகத் தேசிய விருது பெற்றவர், 2024 ஜனவரி 25 அன்று இலங்கையிலே, நாற்பத்தேழே வயதில் காலமானார். தேனி மாவட்டத்து மண்ணிலேதான் அடக்கம் செய்தார்கள். சில மாதங்களில் 'கோட்' படத்திலே அவர் குரல் மீண்டும் கேட்டது. இசையமைத்தவர் உடன்பிறந்த யுவன் சங்கர் ராஜா. தங்கையோ தமக்கையோ போன வீட்டார், அந்தக் குரலை இன்னொரு முறை கேட்க ஆசைப்பட்டால் அதைக் குறைசொல்ல நாம் யார்? அந்தப் பாட்டைக் கேட்டுக் கண்கலங்கியவர்கள் நம் தோழர்களிலேயே உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மறைந்தவர் குரலை இப்படி வருவிக்கிற முறை என்ன? பெரும்பாலும், உயிரோடிருக்கிற ஒரு பாடகர் முதலில் அந்தப் பாட்டை முழுதும் பாடவேண்டும். மூச்சு அவருடையது, உச்சரிப்பு அவருடையது, குழைவும் ஏற்றமும் அவருடையவை. அதன்மேலே மறைந்தவரின் குரற்சாயலை இயந்திரம் போர்த்துகிறது. கேட்கிறவனுக்குப் போர்வைதான் தெரியும், உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். புகழ் பெற்றவரின் குடும்பத்துக்கு ஊதியம் போகட்டும், நல்லது. உள்ளே நின்று பாடியவரின் பெயரும் தட்டிலே அச்சாகட்டும். கோபுரத்தைத் தாங்குவது பொம்மையல்ல என்று எத்தனையோ முறை மேடையிலே சொல்லியிருக்கிறோமே. அஸ்திவாரக் கல்லுக்கும் பெயர் கேட்கிறோம், அவ்வளவுதான்.

கேட்டும் கொடுத்தும் செய்தார்கள் சிலர். கேட்காமலே செய்தார்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டதும் உண்டு. 2020இல் மறைந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அவர்களின் குரல் ஒரு தெலுங்குப் படத்திலே செயற்கையாக உண்டாக்கிப் பயன்படுத்தப்பட்டது, குடும்பத்தின் ஒப்புதல் பெறப்படவில்லை என்று கூறி, 2024இல் அவர் மகன் சரண் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினார். இந்திப் பாடகர் அரிஜித் சிங், தம் குரலைப் போலி செய்யும் கருவிகளுக்கு எதிராகப் பம்பாய் உயர்நீதிமன்றம் சென்று, 2024 ஜூலையில் இடைக்காலத் தடை பெற்றார். 2025 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், இளையராஜாவின் பெயரையும் படத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்துவதற்கு இடைக்காலத் தடை விதித்தது.

நல்ல தீர்ப்புகள்; வரவேற்கிறோம். ஆனால் நீதிமன்றப் படி ஏறியவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். பெயருள்ளவர்கள், வழக்கறிஞர் வைக்க வசதியுள்ளவர்கள். பண்ணைப்புரத்து இளையராஜா சென்னைக்குப் போய் வழக்காடலாம். மார்க்கையன்கோட்டையிலே தவில் வாசிப்பவன் எங்கே போவான்? சீலையம்பட்டியிலே ஒப்பாரி பாடும் தாய் எந்த வக்கீலைப் பார்ப்பாள்? திருவிழாவிலே யாரோ ஒருவர் செல்போனிலே பதிவு செய்த அவள் குரல், எந்தக் கணினிக்குள்ளே போய் எந்தப் பாட்டாக வெளியே வந்தது என்பதே அவளுக்குத் தெரியாதே! கொள்ளை போனதே தெரியாதவன் எப்படிப் புகார் கொடுப்பான்?

"வளர்ச்சியைத் தடுக்க முடியுமா?" என்று கேட்பார்கள். தடுக்கவேண்டாம், பங்கு கேட்போம் என்று சொன்ன தொழிலாளர் வரலாறு இருக்கிறது. அமெரிக்காவிலே இசைத்தட்டு பரவியபோது, வாத்தியக்காரர்களின் வேலை பறிபோயிற்று. ஒருநாள் வாசித்ததை ஊரெல்லாம் தட்டிலே சுழற்றினால், மறுநாள் வாசிக்க யார் கூப்பிடுவார்கள்? 1942 ஆகஸ்டு முதல் நாள், அந்நாட்டு இசைக் கலைஞர் சம்மேளனம், ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையில், "இனித் தட்டுக்கு வாசிக்கமாட்டோம்" என்று கருவிகளைக் கீழே வைத்தது. இரண்டாண்டுக்கு மேல் நீடித்தது போராட்டம். 1944 நவம்பரிலே கடைசிப் பெரிய கம்பெனிகளும் பணிந்தன. விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தொகை, வேலையிழந்த கலைஞர்களுக்கான நிதிக்கு வந்து சேர்ந்தது. அவர்கள் இசைத்தட்டை உடைக்கவில்லை. அதன் வருவாயிலே உழைப்பாளியின் பங்கை எழுதி வாங்கினார்கள்.

அதிலே நமக்கு ஒரு பாடமும் உண்டு. பாடகர்கள் அன்று அந்தச் சங்கத்திலே இல்லை. ஆகவே கம்பெனிகள் என்ன செய்தன? வாத்தியமே இல்லாமல், வெறுங்குரல்களை வைத்துத் தட்டுப் போட்டன! வாத்தியக்காரனுக்கு எதிராகப் பாட்டுக்காரனை நிறுத்தின. பிரிந்து நின்றால் ஒருவனை வைத்தே ஒருவனை வீழ்த்துவார்கள் என்பது பஞ்சாலையிலே மட்டும் உள்ள நியதியல்ல, பாட்டிலும் அதுதான்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2023இல் ஹாலிவுட் நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தது. எங்கள் உருவத்தையும் குரலையும் கணினியிலே நகலெடுப்பதானால் ஒப்புதல் வேண்டும், ஊதியம் வேண்டும் என்பது அவர்களின் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. கெஞ்சிப் பெறவில்லை, நின்று பெற்றார்கள்.

இங்கே டில்லி என்ன செய்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. 2012இல் அதைத் திருத்தி, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பாடகருக்கும் ராயல்டியிலே பங்கு உண்டென்று எழுதினார்கள். ஆனால் பாடிய பாட்டுக்குத்தான் அதிலே பாதுகாப்பு. பாடுகிற குரலின் சாயல் தனி உரிமையாக அதிலே எழுதப்படவில்லை. சட்டத்திலே வேலி இருக்கிறது. வேலியிலே வண்டி நுழையும் அளவுக்கு ஒரு சந்தும் இருக்கிறது.

2025 டிசம்பரிலே டில்லியின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை ஓர் அறிக்கையை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகள் படைப்புகளைத் தனித்தனியே அனுமதி கேட்காமல் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். வருவாய் வரும்போது ராயல்டி தரவேண்டும். படைத்தவர் "தரமாட்டேன்" என்று மறுக்க இடமில்லை. அதன் முன்மொழிவின் சாரம் இது. கொடுக்கவேண்டும் என்று ஒப்புக்கொண்டார்களே, அந்த அளவில் நன்று. ஆனால், கேட்கவேண்டியதில்லையாம்! வீட்டுக்காரனைக் கேட்காமல் ஆட்டை ஓட்டிக்கொண்டு போ, கறி விற்றபின் காசு கொடு என்பது என்ன நியாயம்? அந்தக் காசுதான் யார் கைக்கு வரும்? பட்டியலிலே பெயர் எழுதியவனுக்கு வரும். பட்டியல் இருப்பதே தெரியாத பம்பைக்காரனுக்கு யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

சின்னமனூர்ச் செப்பேடுகளை நம் தோழர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாண்டிய மன்னன் வழங்கிய கொடையைச் செப்பிலே வெட்டிவைத்த ஏடுகள். மதுரையிலே சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் கூறும் ஏடுகள். கொடை பெற்றவர்கள் எந்தக் குலத்தார் என்பது நமக்குத் தெரியும்; அந்தக் கணக்கை வேறொரு நாள் பேசுவோம். ஆனால் ஒன்று: கொடுத்தது இன்னது, கொடுத்தவன் இன்னான், பெற்றவன் இன்னான் என்று அழியாதபடி எழுதிவைக்கத் தெரிந்திருந்தது அரசனுக்கு. மேலோர் பெற்ற நிலத்துக்குச் செம்பிலே பட்டயம்! பாடுபடுகிறவன் குரலுக்குக் காகிதத்திலேகூட ஒரு வரி இல்லையா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று, ஒருவர் குரலையோ கைவாசிப்பையோ இயந்திரத்துக்குப் பயிற்சியாக எடுக்குமுன் அவர் ஒப்புதல், அவருக்குத் தெரிந்த மொழியிலே, எழுத்திலே பெறப்படவேண்டும்; "இனி எக்காலத்துக்கும், எவ்வகையிலும்" என்று ஒரே கையெழுத்திலே குரலை எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று சட்டம் சொல்லவேண்டும். இரண்டு, அதிலிருந்து வரும் வருவாயிலே ஒரு பங்கு, பெயர் தெரியாத கலைஞர்களின் பொது நிதிக்கு வரவேண்டும். தமிழ்நாட்டிலே நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் இருக்கிறது, அதன் வழியே அது குடிசைக்குப் போய்ச் சேரட்டும். மூன்று, இயந்திரம் செய்த பாட்டு என்றால் அப்படியே அறிவிக்கவேண்டும். அதிலே பாடிய, வாசித்த மனிதர் எவரேனும் இருந்தால் அவர் பெயரைச் சொல்லவேண்டும்.

கேள்! கொடு! பெயரைச் சொல்! இந்த மூன்று சொல்லுக்குள்ளே அடங்குகிறது நம் கோரிக்கை.

டில்லியை நோக்கி விரல் நீட்டிவிட்டால் நம் கடமை முடிந்ததா? இல்லை. மற்ற விரல்கள் நம்மைப் பார்க்கின்றன. அந்த வேப்பமரத்தடியிலே உட்கார்ந்திருந்த ஆறு பேரை அனுப்பிவைத்தது டில்லி அல்ல, நம் கூட்டம்! பாதிக் கூலி கொடுத்தது பன்னாட்டுக் கம்பெனி அல்ல, நம் கை! பாட்டாளியின் உரிமையை மேடைக்கு முன்னால் முழங்கிவிட்டு, மேடைக்குப் பின்னால் பாட்டாளியின் கூலியைப் பாதியாக்கினால், அந்த முழக்கத்துக்கு என்ன மதிப்பு? இதை எழுத நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதாமலிருப்பது அதைவிட வெட்கம்.

அந்தப் பாட்டைச் செய்த இளைஞரின் மீது நமக்குச் சினமில்லை. சுமை தூக்கும் தோழர் ஒருவரின் மகன் அவர். ஸ்டூடியோ வாடகைக்கு வழியில்லாதவர், கையிலுள்ள ஒரு சின்னக் கருவியிலே பாட்டுச் செய்கிறார் என்றால், அது நம் பிள்ளை பெற்ற புதுச் சிறகு. நேற்றுவரை சென்னையிலே சிலர் வீட்டு வாசலிலே காத்துக் கிடந்தால்தான் கிடைத்த வாய்ப்பு, இன்று சின்னமனூர்ச் சந்துக்கே வந்திருக்கிறது. வரட்டும்! தம்பி, உன் கணினியை மூடு என்று நாம் சொல்லவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போ என்கிறோம். அந்தப் பெரியவர் அடிக்கிற அடியை அவர் ஒப்புதலோடு பதிவு செய். கூலியைக் கொடு. உன் மெட்டுக்கு அவர் தாளம் சேரட்டும். ஒலியைச் சீராக்கவும் இரைச்சலை நீக்கவும் இயந்திரத்தை வேலை வாங்கு. பாட்டின் முடிவிலே, "மெட்டு இன்னார், மேளம் இன்னார்" என்று உரக்கச் சொல். அப்போது அது உன் பாட்டு, அவர் பாட்டு, நம் பாட்டு!

கழகக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். இனி எந்தக் கூட்டத்திலும் மேளக்காரருக்குப் பேசிய கூலி முழுதும் போகட்டும். மேடையிலே பேச்சாளர் பெயரோடு பாடியவர் பெயரும், வாசித்தவர் பெயரும் அறிவிக்கப்படட்டும். சின்னமனூர்த் தோழர்கள் அந்த ஆறு பேரின் வீடு தேடிச் சென்று மீதித் தொகையைக் கொடுத்துவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு அழைத்து வரவேண்டும். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை; மனம் இருந்தால் போதும்.

அடுத்த கூட்டத்துக்கு நாமும் வருவோம். பாட்டு முடிந்ததும் அதே இளைஞரிடம் அதே கேள்வியைத்தான் கேட்போம்: "பாடியவர் யார், தம்பி?"

"யாருமில்லை" என்ற பதில் இனி நமக்கு வேண்டாம். ஒரு பெயர் வேண்டும்!